பலகைக்கு அடியில்: மாதிரி ரயில்பாதைக்கு வயர் ஓட்டுவது பற்றி

கேள்வி இதுதான். கோலாலம்பூர் கெப்போங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு தம்பி 8க்கு 4 அடி பிளைவுட்டில் எச்.ஓ. அளவு (நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு) ரயில்பாதை போட்டிருக்கிறார். 5 ஆம்ப் டி.சி.சி. கண்ட்ரோலர், தண்டவாளம் வழியாகவே எஞ்சினுக்குக் கட்டளையும் அனுப்பும் வகை. அதற்குப் பக்கத்திலேயே தண்டவாளத்தில் இரண்டு வயர் மட்டும் கொடுத்திருக்கிறார். எதிர்மூலைக்குப் போனால் எஞ்சின் சுணங்குகிறது, சில நாள் நின்றே விடுகிறது. நான்கு பாயிண்ட், அதாவது பாதை பிரியும் இடங்கள், உண்டு. இப்போது கையால் தள்ளுகிறார், மோட்டார் போட ஆசை. வீட்டில் ஒரு சுருள் டெலிபோன் வயர் கிடக்கிறது, அதை வைத்தே பலகைக்கு அடியில் எல்லாவற்றையும் ஓட்டிவிடலாமா என்று கேட்கிறார்.

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த டெலிபோன் வயர் வேண்டாம். ரயில் ஓடாது என்பதற்காக அல்ல. ஓடும். ஓடுவதால்தான் வேண்டாம் என்கிறேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் வீட்டு வயரிங் பார்த்தவன். அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்தார். என் முதல் பாதையில் நான் செய்ததும் நீங்கள் செய்ய நினைப்பதைத்தான். வேலையில் மிஞ்சிய டெலிபோன் வயரை ஏழு மீட்டர் இழுத்துப் பாதைக்கு ஒரே இடத்தில் இணைப்புக் கொடுத்தேன். இரண்டு வருடம் நன்றாகவே ஓடியது. ஒரு நாள் தூரத்து மூலைப் பாயிண்டில் எஞ்சின் தடம் புரண்டு, சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. ஷார்ட். கண்ட்ரோலர் அந்த நொடியே கரண்டை அறுத்திருக்க வேண்டும். அறுக்கவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன். திரும்பி வந்தபோது அறை முழுக்கப் பிளாஸ்டிக் கருகும் வாடை. தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் ஒரு ஜாயினருக்கு இரண்டு பக்கமும் சிலிப்பர் கட்டைகள் உருகிச் சாய்ந்திருந்தன. எஞ்சினின் முன்பக்கப் போகி, அதாவது சக்கரங்களைத் தாங்கும் சட்டம், அச்சோடு ஒட்டிப்போயிருந்தது.

அன்று ராத்திரி மீட்டரை எடுத்து அளந்தேன். கண்ட்ரோலரிலிருந்து அந்த மூலை வரை போய்த் திரும்பும் வழியில் மொத்தம் 3.6 ஓம். 15 வோல்ட்டை 3.6ஆல் வகுத்தால் 4.2 ஆம்ப்தான் வருகிறது. கண்ட்ரோலரோ 5 ஆம்பைத் தாண்டினால்தான் அறுக்கும். அதைப் பொறுத்தவரை ஷார்ட் எதுவும் நடக்கவில்லை, ஏழெட்டு எஞ்சின் ஒன்றாக இழுக்கிறது, அவ்வளவுதான். கேட்டதைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. 15ஐ 4.2ஆல் பெருக்கிப் பாருங்கள், 63 வாட். ஈயம் பற்றவைக்க நீங்கள் வைத்திருக்கும் இரும்பு பெரும்பாலும் 40 வாட்தான் இருக்கும். அதையும் மிஞ்சிய சூடு, வயரிலும் பிடி தளர்ந்த ஜாயினரிலும் சக்கரத்தடியிலும் பங்கு போட்டுக்கொண்டு எரிந்திருக்கிறது.

வயரிங் தொழிலில் எங்களுக்கு ஆரம்பத்திலேயே மண்டையில் ஏற்றும் பாடம் இது. வயரின் பருமன் விளக்கு எரிவதற்காக மட்டும் பார்ப்பதல்ல. கோளாறு வந்த நொடியில் ஃபியூஸ் போகிற அளவுக்குக் கரண்ட் தாராளமாகப் பாய வழி வேண்டும், அதற்கும் சேர்த்துத்தான் பருமன். வீட்டில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்த நான் மேசை ரயிலில் மறந்துவிட்டேன், பொம்மை வோல்ட்தானே என்று. அதனால் வயர், கனெக்டர், கொக்கி என்று எதைப் பற்றி யோசித்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: பாதையில் எந்த இடத்தில் ஷார்ட் ஆனாலும் கண்ட்ரோலர் அறுக்குமா?

இதைச் சோதிக்க 20 காசு நாணயம் ஒன்று போதும். கண்ட்ரோலரை ஓட விட்டு, எஞ்சின்களைப் பாதையிலிருந்து எடுத்துவிட்டு, நாணயத்தை இரண்டு தண்டவாளத்தின் மேலும் படும்படி ஒரு நொடி வையுங்கள். உடனே கண்ட்ரோலர் அறுத்துவிட்டால் அந்த இடம் நல்ல இடம். அறுக்காவிட்டால் நாணயத்தைச் சட்டென்று எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒரு நொடிக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், விரலைச் சுடும். ஓர் அடிக்கு ஓர் இடம் என்று பாதை முழுவதும், பாயிண்டுகளின் நடுப்பகுதி உட்பட, சுற்றி வாருங்கள். உங்கள் எதிர்மூலையில் நாலைந்து கோடாவது விழும் என்று நினைக்கிறேன்.

ஏன் விழுகிறது என்றால், தண்டவாளத்தை நீங்கள் வயராகப் பயன்படுத்துகிறீர்கள். அது வயர் அல்ல. நிக்கல் சில்வர் என்று பெயர், ஆனால் அதில் வெள்ளி ஒரு துளியும் இல்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம். அதன் மின்தடை செம்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல். இதுவாவது பரவாயில்லை, பெரிய குற்றவாளி ஜாயினர்தான். இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் அந்தச் சின்னத் தகடு புதிதில் இறுக்கமாகப் பிடிக்கும். நம் ஊர் ஈரத்தில், பெயிண்ட் பூசி, ஜல்லிக்குப் பசை ஊற்றி ஒரு வருடம் போனால், தகட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே அழுக்குப் படலம் ஏறிவிடும். உங்கள் எதிர்மூலைக்குக் கரண்ட் போய்ச் சேர எத்தனை ஜாயினரைத் தாண்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நம் ஊர் கொமுட்டர் மின்சார ரயிலுக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட் கம்பி. அதற்கே ஒரே முனையிலிருந்து ஊட்டுவதில்லை, வழியில் இடைவெளி விட்டுத் துணை மின்நிலையங்கள் வைத்துத்தான் ஊட்டுகிறார்கள். 15 வோல்ட்டுக்கு அந்த அக்கறை இன்னும் கூடுதலாக வேண்டும்.

டி.சி.சி.யில் இன்னொரு காரணமும் உண்டு. பழைய முறையில் தண்டவாளத்தின் வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றுவோம். டி.சி.சி.யில் எப்போதும் முழு வோல்ட்தான் நிற்கிறது. அது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறுகிறது, மாறும் இடைவெளியில்தான் கட்டளை ஒளிந்திருக்கிறது. அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. வகுத்த தரப்படி அரைத்துடிப்பு 58 மைக்ரோ நொடி என்றால் ஒன்று, 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ என்றால் பூஜ்யம். கெட்ட இணைப்பில் சக்தி மட்டும் குறைவதில்லை, கட்டளையும் சிதைகிறது. எஞ்சின் நின்று நின்று போவதற்கும் சொன்ன பேச்சைக் கேட்காததற்கும் மூலம் ஒன்றே. சாதாரண மீட்டரை ஏ.சி.யில் வைத்துத் தண்டவாளத்தை அளந்தால் வரும் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். அந்த வேகத்துக்கு அது செய்யப்பட்டதல்ல. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க உதவும், அவ்வளவுதான்.

இனி வேலைக்கு வருவோம். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரிதான். ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து ஊருக்கு ஊர் மடை. பலகைக்கு அடியில் நீளமாக ஓடும் தடித்த இரட்டை வயர்தான் வாய்க்கால், இதைப் பஸ் வயர் என்பார்கள். அதிலிருந்து கிளம்பித் துளை வழியாக மேலேறித் தண்டவாளத்தில் ஒட்டும் சின்ன வயர் பீடர்.

உங்கள் அளவுக்குப் பஸ் வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் போதும். வீட்டில் விளக்குக்கு ஓட்டும் அதே பருமன். ஆனால் ஒற்றைக் கம்பியாக இருப்பதை வாங்காமல் பல இழை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், வளைப்பதற்கு எளிது. கணக்கும் சொல்கிறேன். 1.5 வயரில் மீட்டருக்குச் சுமார் 0.012 ஓம். கண்ட்ரோலரிலிருந்து 3 மீட்டர் போய் 3 மீட்டர் திரும்பினால் 0.07 ஓம் சொச்சம். 5 ஆம்ப் இழுத்தாலும் 0.4 வோல்ட்டுக்குள்தான் இழப்பு. உங்கள் டெலிபோன் வயரில் உள்ளே இருப்பது அரை மில்லிமீட்டர் தடிமன் கம்பி என்றால் அதே தூரத்துக்கு அரை ஓமுக்கு மேல் வரும், 2.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். பின்னாளில் அறையைச் சுற்றிப் பாதையை நீட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே 2.5 வாங்கிவிடுங்கள். பீடருக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் சரி. மெல்லியதாயிற்றே என்று பயப்பட வேண்டாம், நீளம் 25, 30 செண்டிமீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் அதன் தடை கணக்கிலேயே வராது. ஜாலான் பசார் பக்கம் எலக்ட்ரானிக் சாமான் கடைகளில் மீட்டர் கணக்கில் பல நிறத்தில் கிடைக்கும்.

நிறம் பற்றி ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் சொல்வேன். பச்சையும் மஞ்சளும் கலந்த வயரைப் பலகைக்கு அடியில் எதற்கும் பயன்படுத்தாதீர்கள். அது எர்த் வயரின் நிறம், வேறு எதற்கும் அந்த நிறத்தைக் கொடுத்துப் பழகக் கூடாது. மற்றபடி வெளித் தண்டவாளத்துக்குச் சிவப்பு, உள் தண்டவாளத்துக்குக் கறுப்பு என்று வைத்துக்கொண்டால், பாதை வட்டமாகச் சுற்றி வரும்போது கடைசி வரை குழம்பாது.

கண்ட்ரோலரைப் பலகையின் ஓரக் கோடியில் வைக்காமல் நீளப் பக்கத்தின் நடுவில் வைத்தால், பஸ் வயர் இரண்டு பக்கமும் பிரிந்து போகும், தூரம் பாதியாகிவிடும். சுற்றிக் கொண்டுவந்து முனையோடு முனை சேர்த்து வளையமாக்க வேண்டாம். இரண்டு முனையும் தனித்தனியாக முடியட்டும். பின்னால் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கோளாறு தேடும்போது இதன் அருமை தெரியும்.

எத்தனை பீடர்? ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஒரு ஜோடி. ஃபிளெக்ஸ் டிராக் என்று வாங்கும் நீளத் துண்டு 91 செண்டிமீட்டர் சொச்சம் இருக்கும், அதற்கு நடுவில் ஒரு ஜோடி. ஸ்டார்ட்டர் செட்டில் வரும் குட்டித் துண்டுகள் என்றால், இரண்டு துண்டைச் சேர்த்து அந்த ஜாயினரை ஈயத்தால் பற்றவைத்துவிட்டு, அந்த ஜோடிக்கு ஒரு பீடர் கொடுக்கலாம். வளைவுகளில் ஜாயினரைப் பற்றவைப்பது நல்லது. நேர்ப்பாதையில் எல்லாவற்றையும் பற்றவைத்துவிடாமல் அங்கங்கே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் பலகை ஊதும், குளிர்சாதனம் போட்டால் சுருங்கும். பலகை அசையும்போது தண்டவாளம் போக இடம் இல்லையென்றால் முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

பீடரைத் தண்டவாளத்தில் ஒட்டுவதுதான் இந்த வேலையிலேயே பொறுமை கேட்கிற இடம். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பார்ப்பவர் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, தண்டவாளத்தின் இடுப்பில், அதாவது மேல்தலைக்கும் அடிப்பாதத்துக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், ஒரு சின்ன அரத்தால் ஐந்து மில்லிமீட்டர் நீளத்துக்கு உரசிப் பளபளப்பாக்குங்கள். இரண்டு பக்கமும் இருக்கும் சிலிப்பர் கட்டைமேல் ஈரமான டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வையுங்கள், அது சூட்டை வாங்கிக்கொள்ளும். வயர் நுனியில் ஐந்து மில்லிமீட்டர் தோலை உரித்து, இழைகளை முறுக்கி, ‘ட’ எழுத்தின் மூலைபோல் வளைத்து, அதன்மேல் ஈயம் ஏற்றிக்கொள்ளுங்கள். தண்டவாளத்திலும் உரசிய இடத்தில் ஒரு பொட்டு ஈயம் ஏற்றுங்கள். இப்போது வயரைத் துளை வழியே கீழிருந்து மேலே தள்ளி, வளைந்த நுனியைத் தண்டவாள இடுப்பில் சேர்த்துப் பிடித்து, சூடான இரும்பை இரண்டுக்கும் பொதுவாக வையுங்கள். ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் ஈயம் மினுங்கி ஓடும். இரும்பை எடுத்துவிடுங்கள், ஆனால் வயரைப் பிடித்த கை அசையக் கூடாது. ஈயத்தின் மினுக்கம் மங்கி அது உறையும் நொடி கண்ணுக்குத் தெரியும், அதுவரை மூச்சுவிடாமல் பிடியுங்கள். அசைந்தால் இணைப்பு சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக நிற்கும். பிடித்தது போலவே இருக்கும், ஒரு மாதத்தில் விட்டுவிடும்.

பலர் இரும்பு போதிய சூடு இல்லாமல் பத்து நொடி வைத்திருந்து சிலிப்பரை உருக்குவார்கள். 63க்கு 37 வெள்ளீய-காரீயக் கலவை 183 டிகிரியில் உருகும். இரும்பு அதற்கு நன்றாக மேலே, 350 பக்கம் இருந்தால்தான் இரண்டு நொடியில் வேலை முடியும். மெல்ல வேகவைப்பதைவிடச் சூடாகத் தொட்டுச் சீக்கிரம் எடுப்பதே பிளாஸ்டிக்குக்கு நல்லது. ரோசின் ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பிசின்) உள்ள ஈயக்கம்பி மட்டும் வாங்குங்கள். தகரக்கடையில் விற்கும் ஆசிட் ஃபிளக்ஸ் வேண்டாம், நம் ஈரத்தில் அது வயரைப் பச்சைப் பச்சையாக அரித்துத் தின்றுவிடும்.

ஈயம் பற்றவைக்கும் வேலை முழுவதும் பலகைக்கு மேலேயே முடியட்டும். கீழே படுத்துக்கொண்டு தலைக்கு மேல் இரும்பைப் பிடிக்கிற வேலை ஒருநாளும் வேண்டாம், உருகிய சொட்டு முகத்தில்தான் விழும். பீடரைப் பஸ் வயரோடு சேர்ப்பதற்கு ஈயம் தேவையில்லை. நெம்புகோல் தூக்கி வயரைச் செருகி மூடும் கனெக்டர்கள் இப்போது எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கின்றன. அவற்றில் 1.5 வயரும் 0.5 வயரும் பக்கத்துப் பக்கத்துத் துளையில் உட்காரும், வேண்டும்போது கழற்றவும் முடியும். விலை குறைவாக வேண்டுமென்றால் திருகு வைத்த கனெக்டர் கட்டையும் சரிதான். ஆனால் அதில் செருகும் இழைவயரின் நுனிக்கு ஈயம் ஏற்றிவிட்டு முடுக்காதீர்கள். முடுக்கும்போது கல் மாதிரி இறுகும், ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல விலகிக் கொடுக்கும். சில மாதம் கழித்துத் திருகு ஆடும். வீடுகளில் கருகிப்போன கனெக்டர்களைத் திறந்து பார்த்தபோது பல தடவை இதைத்தான் கண்டிருக்கிறேன். நுனிக்கு ஃபெருல் என்கிற சின்னச் செம்புக் குழாயை மாட்டி நசுக்கிவிட்டு முடுக்குங்கள்.

பஸ் வயரைப் பலகையோடு பிடித்து வைக்க ஸ்டேப்பிள் துப்பாக்கி எடுக்க வேண்டாம். ஒரு ஊசி தோலைக் கிழித்தால் போதும், அந்த ஷார்ட்டைத் தேட ஒரு வாரம் போகும். குறுக்குச் சட்டங்களின் உயரத்துக்கு நடுவில் 20 மில்லிமீட்டர் துளை போட்டு அதன் வழியே விடுங்கள், அல்லது திருகும் வளைகொக்கிகளை ஓர் அடிக்கு ஒன்று முடுக்கி அதில் தொங்கவிடுங்கள். கொக்கிதான் எனக்குப் பிடித்தது. நாளைக்கு இன்னொரு வயர் சேர்க்க வேண்டுமென்றால் தூக்கிப் போட்டால் போதும். பிளாஸ்டிக் கட்டுகளை எல்லாம் சரிபார்த்து முடித்த பிறகு போடுங்கள். முதலிலேயே கட்டிவிட்டால் வெட்டி வெட்டிக் கட்டியே பை காலியாகும்.

வயர் ஒன்றையும் தொடுவதற்கு முன் பலகையின் அடிப்பக்கத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். ஈரம் ஏறுவதைக் குறைக்கும், டார்ச் அடித்தால் பளிச்சென்று தெரியும், எல்லாவற்றையும்விட, மார்க்கர் பேனாவால் பலகையின்மேலேயே எழுதலாம். மேலே ஓடும் தண்டவாளத்தின் கோட்டை அடியிலும் வரையுங்கள். ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் எண் போடுங்கள், அதே எண்ணை ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதுங்கள். மாஸ்கிங் டேப்பில் எழுதி வயரில் சுற்றும் பழக்கம் எனக்கும் இருந்தது. இந்த ஊர்ச் சூட்டில் அதன் பசை இளகி, ஒரு நாள் காலையில் பலகைக்கு அடியில் தரை முழுக்க என் எண்கள் உதிர்ந்து கிடந்தன. நாற்பதுக்கு மேற்பட்ட வயரை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துத் திரும்பக் கண்டுபிடித்தேன். எண் அச்சிட்ட பிளாஸ்டிக் வளையங்கள் கிடைக்கின்றன, சில வெள்ளிதான். வயரைக் கனெக்டரில் செருகுவதற்கு முன்பே மாட்டிவிடுங்கள்.

பலகை 8க்கு 4 என்றால் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு நடுவில் கை எட்டாமல் திணறுவீர்கள். கால்களைத் திருகாணியால் மாட்டி, வேண்டும்போது கழற்றி, இரண்டு பேராகப் பலகையை நீளவாக்கில் செங்குத்தாக நிறுத்திவிடுங்கள். அப்போது வயரிங் சுவரில் படம் மாட்டுகிற மாதிரி வேலை. முட்டி போட்டுக்கொண்டு செய்த வயரிங்கையும் நின்றுகொண்டு செய்த வயரிங்கையும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம், அத்தனை வித்தியாசம் இருக்கும்.

பற்றவைக்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். கண்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, மீட்டரைப் பீப் ஒலி வரும் நிலையில் வைத்து, இரண்டு பஸ் வயரிலும் அதன் முனைகளைக் கவ்விவிடுங்கள். சிவப்பையும் கறுப்பையும் எங்காவது தவறிச் சேர்த்தால் அந்த நொடியே அது கத்தும். இருபது பீடரையும் முடித்த பிறகு ஷார்ட்டைத் தேடுவது எத்தனை பெரிய வேதனை என்பது அனுபவித்தால்தான் தெரியும்.

அடுத்தது பாயிண்ட் மோட்டார். இதற்குத் தனி மின்சாரம், தனி பஸ் வயர், வேறு நிறம். கண்ட்ரோலரிலிருந்தே எடுத்துவிடலாமே என்று தோன்றும். பாயிண்ட் தப்பாகக் கிடக்கும்போது எஞ்சின் அதில் ஏறினால் ஷார்ட் ஆகும், கண்ட்ரோலர் அறுக்கும். இப்போது பாயிண்டைத் திருப்பி ஷார்ட்டை நீக்கலாம் என்றால், திருப்ப வேண்டிய மோட்டாருக்கும் அதே கரண்ட்தான், அதுவும் போய்விட்டது. தனி அடாப்டர் இருந்தால் பட்டனை அழுத்தினால் முடிந்தது.

மோட்டார் இரண்டு வகை. டக்கென்று அடிக்கும் இரட்டைச் சுருள் வகை ஒரு கணத்துக்குச் சில ஆம்ப் இழுக்கும். பட்டன் சிக்கிக்கொண்டால் சுருள் கருகிவிடும், அதனால் கண்டிப்பாக சி.டி.யூ. என்கிற கப்பாசிட்டர் பெட்டி வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அது சேமித்ததை ஒரே அடியாகக் கொடுத்துவிட்டு, பட்டனை விடும்வரை மறுபடி நிரம்பாது. அந்த வயரும் தடியாக இருக்கட்டும், 1.0க்குக் குறையாமல். மெதுவாக நகர்த்தும் வகை, டார்டாய்ஸ் போன்றவை, 12 வோல்ட்டில் முட்டி நிற்கும்போதுகூட 15 மில்லி ஆம்ப் அளவுதான் எடுக்கும். இங்கே உங்கள் டெலிபோன் வயருக்கு வேலை கிடைத்துவிட்டது, தாராளமாகப் பயன்படுத்துங்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் நான் இந்த வகையைத்தான் சொல்வேன். அதற்குள்ளேயே இரண்டு சுவிட்ச் இருக்கிறது. பாயிண்டின் நடுமுனை, ஃபிராக் என்பது, உலோகமாக இருந்தால் பாயிண்ட் எந்தப் பக்கம் கிடக்கிறதோ அந்தத் தண்டவாளத்தின் கரண்ட் அதற்குப் போக வேண்டும். அந்த மாற்றலை இந்தச் சுவிட்ச் செய்துவிடும். ஃபிராக்குக்கு அப்பால் உள்ள இரண்டு உள் தண்டவாளத்திலும் பிளாஸ்டிக் ஜாயினர் போட மறக்காதீர்கள். பாயிண்ட் சரியாகக் கிடந்தும், எஞ்சின் எந்தப் பக்கம் போனாலும் ஃபிராக்கில் ஏறியதும் ஷார்ட் ஆனால், ஃபிராக் சுவிட்சின் இரண்டு வயரும் மாறிக் கிடக்கின்றன, மாற்றிச் செருகுங்கள்.

பாதை எங்காவது தன்னையே சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் சிவப்பும் கறுப்பும் ஓரிடத்தில் முட்டிக்கொள்ளும். அந்த வளையத்தின் இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் பிரித்து, நடுப்பகுதிக்கு ஆட்டோ ரிவர்சர் ஒன்று, அதாவது சிவப்பையும் கறுப்பையும் தானாகவே மாற்றிக் கொடுக்கும் கருவி, வழியாக ஊட்ட வேண்டும். பிரித்த பகுதி உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். வெறும் முட்டை வடிவப் பாதை என்றால் இந்தக் கவலை இல்லை.

கடைசியாக, என் தொழிலுக்காக இதைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டு மின்சாரம், அதாவது 230 வோல்ட், பலகைக்கு அடியில் வரக் கூடாது. அடாப்டர்கள் எல்லாம் வெளியே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில், சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ள ஒரே எக்ஸ்டென்ஷனில் இருக்கட்டும், ஒரே சுவிட்சில் எல்லாம் நிற்கட்டும். அந்த எக்ஸ்டென்ஷனின் மூன்று முள் பிளக்கைத் திறந்து பாருங்கள், 13 ஆம்ப் ஃபியூஸ் இருக்கும். அதை எடுத்துவிட்டு 3 ஆம்ப் போடுங்கள், இரண்டு மூன்று அடாப்டருக்கு அது தாராளம். வேறு எதையும் அதில் செருகாதீர்கள். வீட்டின் டிபி பெட்டியில், அதாவது மின்சாரம் பிரியும் பெட்டியில், உள்ள எர்த் லீக்கேஜ் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்தி அது விழுகிறதா என்று பாருங்கள். சாயங்காலம் இடி உறுமத் தொடங்கியதும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. உலகத்தில் இடி மின்னல் மிகுந்த ஊர்களில் கோலாலம்பூரும் ஒன்று. எஞ்சினுக்குள் கட்டளையைப் படிக்கும் டிகோடரும் கண்ட்ரோலரும் அந்த அடியைத் தாங்குகிற சாமான் அல்ல.

எல்லாவற்றையும் ஒரே வார இறுதியில் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். இந்தச் சனிக்கிழமை நாணயத்தோடு ஒரு சுற்று வந்து சாக்பீஸ் கோடு போடுங்கள். கண்ட்ரோலரிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு ஜோடி 1.5 வயரைத் தற்காலிகமாகத் தரையில் இழுத்து, அங்கே ஒரே ஒரு பீடர் மட்டும் பற்றவையுங்கள். வெளித் தண்டவாளத்துக்குச் சிவப்பு, உள்ளுக்குக் கறுப்பு, மாறிவிடக் கூடாது. எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். சுணக்கம் போயிருந்தால் உங்கள் கோளாறு இதுதான் என்று உறுதியாகிவிடும், பலகையைத் தூக்கி நிறுத்தி முழு வேலையையும் ஆரம்பிக்கலாம். போகவில்லை என்றால் எஞ்சினின் சக்கரங்களையும் அந்த மூலைத் தண்டவாளத்தின் மேல்முகத்தையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, மறுபடி ஓட்டிப் பார்த்து எனக்கு எழுதுங்கள். எழுதும்போது நாணயம் எந்தெந்தக் கோட்டில் அறுக்கவில்லை என்பதையும் பாதையின் படத்தில் குறித்து அனுப்புங்கள்.